அறுபது வயது மாப்பிள்ளை



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கல்யாண நாடகம். மாப்பிள்ளைக்கு வயது 60. நியூயார்க் நகரத்தின் வடக்கு எல்லையை ஒட்டி, ஹட்சன் ஆற்றங்கரையில் யாங்கர்ஸ் என்று ஓர் ஊர். அங்கே அவருக்குப் பெரிய கடை. வைக்கோல், மாட்டுத்தீவனம், மளிகை, இரும்புச் சாமான் எல்லாம் கிடைக்கும். கடைக்கு மேலேயே வீடு. மனைவி காலமாகிவிட்டார். காலம் 1880கள். மறுமணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்து, கல்யாணத் தரகு பார்க்கும் ஓர் அம்மாவிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். அந்த அம்மாவும் கணவரை இழந்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள், பேசி வைத்திருந்த இடங்களெல்லாம் தட்டிப்போய், தரகு பேச வந்தவரே மணப்பெண் ஆகிவிடுகிறார்.

அமெரிக்க எழுத்தாளர் தார்ன்டன் வைல்டரின் 'தி மேட்ச்மேக்கர்' என்ற இந்த நாடகம் 1954ஆம் ஆண்டு எடின்பரோ விழாவில் மேடையேறியது. வைல்டர் என்றால் 'அவர் டவுன்' நாடகத்தைத்தான் பலரும் நினைவுகூர்வார்கள். புலிட்சர் பரிசு பெற்றது, வகுப்பறைகளில் படிக்கப்படுவது. கடைக்காரரின் கல்யாணக் கதையை, அந்தப் பெரிய மனிதர் ஓய்வு நேரத்தில் எழுதிய இலேசான வேடிக்கை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. வாழ்க்கையின் பிற்பகுதிக்கு வந்துவிட்ட இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்புவதை ஏளனமும் செய்யாமல், அதற்காகக் கண்ணீரும் வடிக்காமல், நியாயமான மனித ஆசையாக மேடையில் நிறுத்திக் காட்டிய நாடகங்கள் மிகக் குறைவு. அவற்றில் முதல் வரிசையில் இதை வைக்கிறேன். அந்த இடத்துக்கு வந்து சேர இந்தக் கதை நூறாண்டுக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. வழியில் அது எதை விட்டது, எதை எடுத்துக்கொண்டது என்பதுதான் இன்றைய பேச்சு.

வயதானவனுக்குக் காதல் வந்தால் அவனை அவமானப்படுத்திச் சிரிப்பது மேற்கத்திய மேடையின் மிகப் பழைய பழக்கம். ரோம் நாட்டு பிளாட்டஸ் எழுதிய 'காசினா'வில், வீட்டு அடிமைப்பெண் மேல் ஆசைப்பட்ட கிழவன், மனைவியை ஏமாற்றத் திட்டம் போடுகிறான். மனைவி அதைத் தெரிந்துகொண்டு, மணப்பெண் வேடத்தில் முரட்டு வேலைக்காரன் ஒருவனை உள்ளே அனுப்பிவிடுகிறாள். கிழவன் அடிபட்டு வெளியே ஓடி வருகிறான். இந்தச் சிரிப்பு கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது. 1668இல் பாரிஸில் மோலியேர் மேடையேற்றிய 'கஞ்சன்' நாடகத்திலும் கதை வேறில்லை. அர்பகோனுக்கு 60 வயது கடந்துவிட்டது. மகன் விரும்பும் பெண்ணையே தானும் கட்டிக்கொள்ளப் பார்க்கிறான்.

அந்த நாடகத்தில் ஃப்ரோசின் என்று ஒரு தரகுக்காரி வருகிறாள். அவள் அர்பகோனிடம் வரதட்சணைக் கணக்குச் சொல்லும் காட்சி உலக நகைச்சுவையின் உச்சங்களில் ஒன்று. பெண் கையில் காசு கிடையாது. ஆனாலும் ஆண்டுக்கு 12,000 வரவு என்கிறாள். எப்படி? பெண் எளிமையாகச் சாப்பிடுவாள், அதில் 3,000 மிச்சம். பட்டும் நகையும் கேட்க மாட்டாள், அதில் 4,000. சூதாட மாட்டாள், அதில் 5,000. ஆகச் செலவாகாத பணத்தையெல்லாம் கூட்டி வரவில் வைத்துவிடுகிறாள். அதோடு, அந்தப் பெண்ணுக்கு இளைஞர்களைக் கண்டாலே ஆகாது, மூக்குக்கண்ணாடி போட்ட கிழவர்களைத்தான் பிடிக்கும் என்றும் அளக்கிறாள். அர்பகோன் பல்லிளிக்கிறான். அரங்கம் சிரிக்கிறது. கிழவனுக்குத் தன்னைப் பற்றி ஆசை வந்தால் அவன் ஏமாளி என்பதுதான் அந்தச் சிரிப்பின் அடித்தளம்.

நம் இலக்கணமும் இங்கே நினைவுக்கு வராமல் போகாது. தொல்காப்பியர் பெருந்திணைக்குச் சொன்ன நான்கில் ஒன்று இளமை தீர்திறம். இளமை கடந்தவர் காதலை அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மரபுகள் ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கின்றன. ஆகவே வைல்டர் தாண்ட வேண்டியிருந்த கோடு எத்தனை ஆழமானது என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இனி கடைக்கு வருவோம். இந்தக் கதையின் முதல் வடிவம் லண்டனில் 1835இல் வந்தது. ஜான் ஆக்ஸன்ஃபர்ட் எழுதிய ஓரங்கக் கேலி நாடகம். முதலாளி ஊரில் இல்லாத நாளில் கடையை மூடிவிட்டு இரண்டு கடைப்பையன்கள் ஊர்சுற்றப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. ஏழே ஆண்டுகளில், 1842 மார்ச் மாதம், வியன்னாவில் யோஹான் நெஸ்ட்ராய் அதை எடுத்து முழுநீள நாடகமாக்கினார். நெஸ்ட்ராய் எழுதுபவர் மட்டுமல்லர், நடிகர். பாடகராக மேடைக்கு வந்து, வியன்னா மக்களின் பேச்சுவழக்கை நகைச்சுவையின் உயிராக்கியவர். மெட்டர்னிக் ஆட்சியின் தணிக்கையாளர்கள் ஒவ்வொரு வசனத்தையும் தடவிப் பார்த்த காலத்தில் எழுதியவர்.

நெஸ்ட்ராயின் கையில் இரண்டு முக்கியமான காரியங்கள் நடந்தன. முதலாவது, முதலாளி ஸாங்லர் மணக்க விரும்பும் பெண் இளங்குமரி அல்லள். வியன்னாவில் நாகரிக உடைகள் விற்கும் கடை நடத்துகிற மேடம் க்னோர். நாட்டுப்புற மளிகைக்காரருக்கும் நகரத்து உடைக்கடைக்காரிக்கும் இடையே பேச்சு நடக்கிறது. அவர்களுடைய காதலும் கொள்முதல் பேசுகிற மாதிரிதான் போகிறது. ஆனால் அதில் ஏமாளி கிடையாது. இரண்டு பேரும் உலகம் தெரிந்தவர்கள்.

இரண்டாவது காரியம் இன்னும் ஆழமானது. நெஸ்ட்ராய் தாமே நடித்த வேடம் வைன்பெர்ல். கடையின் தலைமைச் சிப்பந்தி. அவனை முதலாளி பங்குதாரர் ஆக்கப்போகிறார். வேறு எவனாக இருந்தாலும் மகிழ்ச்சியில் குதிப்பான். வைன்பெர்லுக்கோ பயம் வருகிறது. நாளைக்குத் தானும் வயதான வணிகனாகி, மற்ற வணிகர்களோடு உட்கார்ந்து பழங்கதை பேசும்போது, தனக்கென்று சொல்ல ஒரு கதைகூட இருக்காதே என்ற பயம். ஒரே ஒரு நாளாவது துடுக்குத்தனமாக வாழ்ந்துவிட வேண்டும் என்று கிளம்புகிறான். முதுமை வருவதற்கு முன்பே முதுமையின் வெறுமையை ஒருவன் கண்டுகொள்கிறான். கேலி நாடகத்துக்குள் இப்படியொரு எண்ணம் வந்து உட்கார்ந்ததே பெரிய மாற்றம். அவன் கடைசியில் மணப்பது ஒரு விதவையை. நெஸ்ட்ராயின் இந்த நாடகத்தைப் பிற்காலத்தில் டாம் ஸ்டாப்பர்ட் 'ஆன் தி ராஸில்' என்று 1981இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அது வேகத்துக்கும் சொல்விளையாட்டுக்கும் பேர்போனது. வைன்பெர்லின் பயம் அதில் எனக்குப் போதுமான அளவு கேட்கவில்லை.

வைல்டர் நெஸ்ட்ராயை எடுத்தது 1938இல். தலைப்பு 'தி மெர்ச்சன்ட் ஆஃப் யாங்கர்ஸ்'. நாஜிகளின் கொடுமையால் ஐரோப்பாவை விட்டு வெளியேறியிருந்த மாபெரும் இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்தான் அதை இயக்கினார். 'அவர் டவுன்' வெற்றி பெற்ற அதே ஆண்டின் டிசம்பர் கடைசியில் நியூயார்க்கில் திரை உயர்ந்தது. 39 காட்சிகளோடு முடிந்தது. வைல்டர் நாடகத்தைத் தூக்கி எறியவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, நடிகை ரூத் கார்டனுக்காகவும் இயக்குநர் டைரோன் கத்ரிக்காகவும் சிறிது திருத்தி, தலைப்பை மாற்றிக் கொடுத்தார். எடின்பரோவில் வெற்றி, லண்டனில் வெற்றி, பிறகு பிராட்வேயில் 486 காட்சிகள்.

தலைப்பு மாறியதை ஒரு விளம்பர உத்தியாகப் பார்க்கக் கூடாது. முதல் தலைப்பு வணிகருடையது. இரண்டாவது தலைப்பு தரகம்மாவுடையது. ஆக்ஸன்ஃபர்டிடமும் நெஸ்ட்ராயிடமும் இல்லாத பாத்திரம் இந்த டாலி லீவை அம்மா. மோலியேரின் ஃப்ரோசினை அங்கிருந்து எடுத்து வந்து வியன்னாக் கதையின் நடுவே வைத்தார் வைல்டர். இதை அவர் மறைக்கவும் இல்லை. டாலி, வணிகர் வாண்டர்கெல்டரிடம் எர்னஸ்டீனா சிம்பிள் என்ற பெண்ணைப் பற்றி அளக்கிறார். அப்படி ஒரு பெண்ணே உலகத்தில் கிடையாது. சிக்கனக்காரி, சமையலில் கெட்டிக்காரி என்று அடுக்குவது ஃப்ரோசினின் அதே கணக்குத்தான். மாப்பிள்ளையின் வயதும் அதே 60.

ஆனால் மோலியேரின் ஃப்ரோசினுக்குத் தனக்கென்று ஒரு வாழ்க்கை நாடகத்தில் இல்லை. தரகுப் பணம் கிடைத்தால் போதும். டாலிக்கோ இறந்துபோன ஒரு கணவர் இருக்கிறார், எஃப்ரைம் லீவை. அவரோடு அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். தரகு, மேண்டலின் வகுப்பு, இன்னும் பத்துப் பன்னிரண்டு விதமான சில்லறைத் தொழில்கள் என்று, கிடைத்ததைச் செய்து பிழைக்கும் பெண். வைல்டர் அவருடைய வயதை எழுதவில்லை. இன்னது என்று சொல்ல முடியாத வயது என்று விட்டுவிட்டார். நடிக்க வருகிறவர்களுக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

வாண்டர்கெல்டரும் அர்பகோன் அல்லர். கஞ்சத்தனமும் முன்கோபமும் நிறைய உண்டு. 33 வயதான கார்னீலியஸ் ஹாக்லைப் பதவி உயர்த்துகிறேன் என்று சொல்லித் தலைமைச் சிப்பந்தி ஆக்குவார். அவன் ஏற்கெனவே தலைமைச் சிப்பந்திதான். வேலைக்காரிக்குச் சம்பளம் கொடுப்பதைவிட, வீடு தன்னுடையது என்று நம்பும் மனைவி ஒருத்தி இருந்தால் வீட்டு வேலை ஒழுங்காக நடக்கும் என்பது அவர் சொல்லும் கல்யாணக் காரணம். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் அதே பேச்சில் இன்னொன்றும் நழுவி வந்துவிடுகிறது. ஐந்து லட்சம் டாலர் சேர்த்தாயிற்று, இனிக் கொஞ்சம் துணிந்து பார்த்தால் என்ன என்று ஒரு சபலம். நெஸ்ட்ராய் அந்தப் பயத்தைக் கடைச் சிப்பந்திக்கு மட்டும் கொடுத்தார். வைல்டர் முதலாளிக்கும் ஒரு பங்கு கொடுத்தார். மாடியில் முதலாளியும் கீழே சிப்பந்தியும் ஒரே நாள் காலையில், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே ஆசையோடு நகரத்துக்குக் கிளம்புகிறார்கள். கீழே உள்ளவர்கள் கடையை மூட ஒரு சாக்கு வேண்டும் என்று தக்காளி டின்களைச் சூடாக்கி வெடிக்கவைத்து, கடை முழுக்க நாற்றமடிக்கச் செய்துவிடுகிறார்கள். குழந்தைகள்கூடச் சிரிக்கும் காட்சி. அதில் இரண்டு தலைமுறைகளின் மூச்சுமுட்டலும் வெடிக்கிறது.

நகரத்தில் இரண்டு பேரும் போய்ச் சேரும் இடமும் ஒரு கடைதான். ஐரீன் மலாய் நடத்தும் பெண்கள் தொப்பிக்கடை. இந்த நாடகத்தில் நான் மிகவும் மதிக்கும் பாத்திரம் ஐரீன். இளம் விதவை. தொழில் தெரிந்தவர். ஆனால் தொப்பிக்கடை நடத்தும் பெண்களைப் பற்றி ஊர் ஒரு மாதிரியாகப் பேசும் காலம் அது. தன் மேல் சந்தேகம் விழக் கூடாது என்பதற்காக உணவகம், நடனம், நாடகம் எதற்கும் போகாமல் கடைக்குள்ளேயே முடங்கியிருக்கிறார். தொப்பிகளையே வெறுக்கிறார். வாண்டர்கெல்டரைக் கட்டிக்கொள்ள அவர் யோசிப்பதற்குக் காரணம் அவர் மேல் உள்ள பிரியமில்லை; இந்தக் கடையிலிருந்து வெளியே போக ஒரு வழி. கௌரவமாகத் தொழில் செய்யும் பெண்ணுக்குக் கல்யாணத்தைத் தவிர வேறு கதவு திறந்திருக்கவில்லை என்பதை, தொப்பிக்கு நாடா தைத்துக்கொண்டே அவர் சொல்லிவிடுகிறார். பெண் பார்க்க வரும் முதலாளிக்குப் பயந்து, அவருடைய சிப்பந்திகள் ஒருவன் அலமாரியிலும் ஒருவன் மேசைக்கடியிலும் ஒளிகிறார்கள். அதற்குப் பிறகு அவர் கார்னீலியஸ் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை. கார்னீலியஸிடம் பணமில்லை. ஆனால் அவரோடு பேசும்போது அவன் முகத்தில் தெரியும் பிரமிப்பு, ஐரீனுக்கு இதுவரை யாரும் கொடுக்காதது.

கடையும் கல்யாணமும் பின்னிக்கிடக்கும் இன்னொரு நாடகத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் சால்ஃபர்ட் நகரில் 1880இல் நடப்பதாக ஹரால்ட் பிரிக்ஹவுஸ் எழுதிய 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்'. 1915இல் நியூயார்க்கிலும் மறு ஆண்டு லண்டனிலும் மேடையேறியது. காலணிக்கடை முதலாளி ஹாப்சன், தன் மூத்த மகள் மாகிக்கு 30 வயதாகிவிட்டதால் கல்யாண வயது கடந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறார். சம்பளமில்லாமல் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது உள்ளே இருக்கும் கணக்கு. மாகி வாதாடவில்லை. கடையின் அடித்தளத்தில் குனிந்து செருப்பு தைத்துக்கொண்டிருக்கும் வில்லி மாசப்பை மேலே கூப்பிட்டு, உன்னைத்தான் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று அறிவித்துவிடுகிறாள். பணக்கார வாடிக்கையாளர் அம்மா ஒருவர் 100 பவுண்டு கடன் கொடுக்கிறார். பித்தளை மோதிரத்தோடு கல்யாணம். ஒரே ஆண்டில் தனிக்கடை வளர்ந்து, அப்பாவின் கடையையே சேர்த்துக்கொள்ளும் நிலைக்கு வருகிறது. பிறகு வில்லி தங்க மோதிரம் வாங்கித்தர முன்வருகிறான். மாகி பித்தளையை விரலைவிட்டுக் கழற்ற மறுக்கிறாள். முப்பது வயதைப் பிந்திய வயது என்று சொன்ன உலகத்தை நினைத்தால் இன்று நமக்குத் திகைப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கோட்டை யார், எந்த ஆதாயத்துக்காகக் கிழிக்கிறார்கள் என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய நாடகம் வேறில்லை. பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று கடைசிக் காட்சியில் நடக்கும் வாக்குவாதம் ஒரு காதல் காட்சி என்பதே என் எண்ணம்.

மீண்டும் டாலிக்கு வருகிறேன். மூன்றாம் அங்கம், ஹார்மோனியா கார்டன்ஸ் என்னும் உணவகம். மேடையின் நடுவே ஒரு தட்டி. ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் அவருக்குத் தெரியாமல் அவருடைய சிப்பந்திகளும் பெண்களும். தவறிப்போன முதலாளியின் பணப்பை சிப்பந்தியின் கைக்குப் போய்ச் சேர்கிறது. அவன் விருந்து அவர் காசில் நடக்கிறது. இந்தக் குழப்பங்களை எந்தக் கேலி நாடகக்காரரும் அமைக்கக்கூடும். அந்த மேசையில் டாலியும் வாண்டர்கெல்டரும் சாப்பிடுவதை வைல்டர் எழுதிய விதம்தான் யாருக்கும் எளிதில் வராது. டாலி அவருக்குப் பரிமாறிக்கொண்டே இருக்கிறார். பரிமாறிக்கொண்டே, உங்களை நான் ஒருநாளும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்கிறார். நான் கேட்கவே இல்லையே என்று அவர் திணறுகிறார். கேட்காததற்கு மறுப்புச் சொல்லச் சொல்ல, அந்த எண்ணம் அவர் தலைக்குள் குடியேறுகிறது. நீண்ட காலம் குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் இப்படிப் பேச வரும். இருபது வயதுக் காதலர்களின் வாயில் இந்த வசனங்களை வைத்துப் பாருங்கள், பொய்யாகிவிடும்.

நாடகத்தின் இதயம் நான்காம் அங்கத்தில் டாலி தனியாக நின்று பேசும் இடம். இறந்துபோன எஃப்ரைமிடம், மறுமணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று அனுமதி கேட்பதுபோல் தொடங்குகிறார். அவர் போன பிறகு தான் எப்படி வாழ்ந்தேன் என்பதை நம்மிடம் சொல்கிறார். ஒவ்வோர் இரவும் பூனையை வெளியே விட்டு, கதவைப் பூட்டி, தன் வாழ்க்கையில் வேறு எவருடைய தொந்தரவும் இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொல்லிப் படுத்த நாட்கள். ஒருநாள் பைபிளிலிருந்து ஓர் ஓக் இலை விழுகிறது. எஃப்ரைம் தன்னை மணக்கக் கேட்ட அன்று எடுத்து வைத்தது. இலை முழுசாகத்தான் இருக்கிறது. நிறமும் உயிரும் இல்லை. அழுது எத்தனையோ நாளாயிற்று, எதையாவது எதிர்பார்த்தும் எத்தனையோ நாளாயிற்று என்று அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. மறுபடியும் மனிதர்கள் நடுவே போய்ச் சேர்வது என்று அன்று முடிவெடுத்தார்.

இந்த இடத்தில் எந்த அரங்கத்திலும் சிரிப்பு நிற்கும். ஆனால் வைல்டர் அங்கே சோகத்தில் தங்கிவிடவில்லை. டாலி உடனே பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். பணம் பெட்டியில் கிடந்தால் பயனில்லை. தையற்காரி, உணவகக்காரர், வண்டிக்காரர் என்று ஊருக்குள் ஓட வேண்டும் என்பது எஃப்ரைமின் கொள்கை. வாண்டர்கெல்டரின் பெட்டியைத் திறக்கவும் வேண்டும், அவர் மனத்தைத் திறக்கவும் வேண்டும். இரண்டும் டாலிக்கு ஒரே வேலை. இதைச் சிலர் பேராசை என்று எழுதியிருக்கிறார்கள். வறுமையில் தனியாக வாழ்ந்த ஒரு பெண், வயதான காலத்தில் பாதுகாப்பை விரும்புவதும் ஒரு மனிதரை விரும்புவதும் ஒன்றையொன்று கெடுக்க வேண்டியதில்லை. ஃப்ரோசின் செலவாகாத பணத்தைக் கூட்டி மாப்பிள்ளையை மயக்கினாள். டாலியோ செலவாகப்போகும் பணத்துக்கு மாப்பிள்ளையின் சம்மதத்தைக் கேட்டு வாங்குகிறார். முந்நூறு ஆண்டுகளில் அந்தப் பழைய கணக்கு தலைகீழானது இங்கேதான்.

1964 ஜனவரி 16ஆம் தேதி இதே கதை 'ஹலோ, டாலி!' என்ற இசைநாடகமாகப் பிராட்வேக்கு வந்தது. ஜெர்ரி ஹெர்மன் பாட்டு, கவர் சாம்பியன் இயக்கம். பத்து டோனி விருதுகள், 2,844 காட்சிகள். அதன் தலைப்புப் பாட்டை லூயி ஆம்ஸ்ட்ராங் தம் கரகரத்த குரலில் பாடி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 62. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்கப் பாடல் வரிசையில் பதினான்கு வாரம் முதலிடத்தை விடாமல் வைத்திருந்த பீட்டில்ஸ் இளைஞர்களை அந்தப் பாட்டு கீழே இறக்கியது. இசைநாடகத்தில் ஒரு நல்ல மாற்றமும் உண்டு. எஃப்ரைமின் பணக் கொள்கையை, அது யாருடையது என்று தெரியாமலேயே, வாண்டர்கெல்டர் தம் வாயால் சொல்லிவிடுகிறார். டாலி காத்திருந்த சம்மதம் அப்படி வந்து சேர்கிறது.

டாலி வேடம் மூத்த நடிகைகளுக்கு ஒரு பெரிய கொடை ஆயிற்று. ரூத் கார்டன் முதலில் நடித்தபோது அவருக்கு 57 வயது. 1967இல் பேர்ல் பெய்லி, முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள் கொண்ட குழுவோடு வந்து புதுவாழ்வு கொடுத்தார். 2017இல் பெட் மிட்லர் 71 வயதில் நடித்தார். இசைநாடகத்தின் முதல் டாலியான கரோல் சானிங், எழுபதைக் கடந்தும் அதே வேடத்தில் மேடைக்கு வந்தார். அவருடைய சொந்த வாழ்க்கையில் நடந்தது இன்னும் அழகு. 2002இல் வெளிவந்த தம் நினைவுநூலில், பள்ளிக்கால நண்பர் ஹாரி குல்ஜியனைப் பற்றி அன்போடு எழுதினார். மனைவியை இழந்திருந்த அவர் தொடர்புகொள்ள, 2003இல் இருவரும் மணந்துகொண்டார்கள். மணமகளுக்கு வயது 82.

1969இல் வந்த திரைப்படத்தில்தான் எனக்குப் பெரிய வருத்தம். பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட் ஒப்பற்ற பாடகி. ஆனால் படப்பிடிப்பின்போது அவருக்கு 26 வயது. அந்த வயதுப் பெண் மறுபடியும் வாழ்க்கைக்குள் வருகிறேன் என்று பாடினால், எங்கே போயிருந்தீர்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். பூனையோடு கழிந்த அந்த இரவுகளுக்கு அங்கே இடமே இல்லை. கதையின் எல்லாச் சம்பவங்களும் அப்படியே இருக்க, அதன் பொருள் மட்டும் வெளியேறிவிட்டது. முதியவர்களின் காதல் திரையில் அழகாக இருக்காது என்ற அச்சம் மறுபடியும் பழைய கோட்டையே கிழித்துவிட்டது.

மேடையேற்ற விரும்பும் குழுக்கள் இங்கே இருந்தால் ஒரு வேண்டுகோள். நான்கு அங்கங்கள், நான்கே இடங்கள்: கடைக்கு மேல் உள்ள வீடு, தொப்பிக்கடை, உணவகம், கடைசியில் கன்னியாகவே வயதாகிவிட்ட ஃப்ளோரா வான் ஹய்சன் அம்மாவின் வரவேற்பறை. அந்த அம்மாவையும் கேலிச்சித்திரமாக்கிவிடாதீர்கள். மற்றவர்களின் காதல் கைகூட வேண்டும் என்று நடு இரவில் வீட்டைத் திறந்து வைத்து, அத்தனை பேருக்கும் காபி கொடுப்பவர் அவர். ஊர் ஊராய் வேலை தேடித் திரியும் மாலகை ஸ்டாக், வீட்டு வேலைக்காரக் கிழவி கெர்ட்ரூட், இவர்களுக்கெல்லாம் உண்மையான வயதுடையவர்களைத் தேடிப் பிடியுங்கள். இளைஞர்களின் தலையில் மாவு தடவி நரைக்க வைப்பது இந்த நாடகத்துக்கு ஆகாது. வாண்டர்கெல்டர் கடைசியில் மூன்று காரியங்கள் செய்கிறார்: கார்னீலியஸைக் கடையில் கூட்டாளி ஆக்குகிறார், தாம் வளர்க்கும் உறவுப்பெண்ணின் காதலுக்கு வழிவிடுகிறார், தம் பணத்தைச் செலவழிக்க டாலிக்குச் சம்மதம் தருகிறார். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் தோற்றுப்போனவர்போல் நடிப்பவர்கள் உண்டு. அது தவறு. 60 வயதில் ஒரு மனிதர் முதல்முறையாகத் தாராளமாகப் பேசும் வசனம் அது. நடிகர் அதை நிமிர்ந்து நின்று, டாலியைப் பார்த்து, தெளிவாகச் சொல்ல வேண்டும்.